மலைப்பூண்டைத் தெரிந்தவர் யார், குத்துமதிப்பாகச் சொல்பவர் யார்: எந்தச் சோதனையை வைப்பது?

கொடைக்கானல் மலையில் பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் பூண்டு போடும் நண்பர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து, தாங்களே கொள்முதல் செய்து நேரடியாக விற்கப் பார்க்கிறார்கள். வரும் மூட்டையைப் பிரித்துப் பார்த்து "இது நம்ம மலைப்பூண்டு, இது கலப்பு" என்று சொல்ல இரண்டு பேர் வேண்டும். ஆளுக்குப் பஞ்சமில்லை. மலையில் யாரைக் கேட்டாலும் "பார்த்தாலே சொல்லிடுவேன்" என்பார்கள். அப்படிச் சொல்பவர்களில் உண்மையிலேயே தெரிந்தவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நண்பர்கள் நாலைந்து வழிகளைச் சொல்லி எது நல்லது என்று கேட்டார்கள். ஒவ்வொன்றையும் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

இது சின்ன விஷயம் இல்லை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காரமும் வாசனையும் அதிகம், நெடுநாள் கெடாமல் இருக்கும் என்பதால் விலையும் அதிகம். மத்தியப் பிரதேசம் போன்ற இடங்களிலிருந்து வரும் பூண்டு அதைவிட மலிவு. விலையில் இடைவெளி இருக்கிற இடத்தில் கலப்படத்துக்கு ஆசை வரத்தான் செய்யும். மலைக்குக் கீழே, தேனி மாவட்டத்து வடுகபட்டிப் பூண்டுச் சந்தையில் மூட்டை கைமாறிய பிறகு, எது மேலே விளைந்தது, எது வெளியிலிருந்து வந்தது என்று வாங்குபவருக்குச் சொல்ல ஆளில்லை. தெரியாத ஒருவரை வாசலில் நிறுத்தினால் இரண்டு பக்கமும் நஷ்டம்: கலப்பு உள்ளே வரும், நேர்மையான விவசாயியின் மூட்டை திரும்பிப் போகும். இரண்டாவது நஷ்டம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மாதக்கணக்கான உழைப்பை, ஒன்றும் தெரியாத ஒரு வாய் "கலப்பு" என்று சொல்லித் தள்ளிவிடக் கூடாது.

எந்தச் சோதனையாக இருந்தாலும் அடிப்படை யோசனை ஒன்றுதான். முதலில், "இவருக்கு ஒன்றும் தெரியாது, ஊகித்துத்தான் சொல்கிறார்" என்று வைத்துக்கொள்கிறோம். இதைப் புள்ளியியலில் இன்மைக் கருதுகோள் என்பார்கள். அப்புறம், வெறும் ஊகத்திலேயே இத்தனையோ அதற்கு மேலோ சரியான விடை வர எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடுகிறோம். அந்த வாய்ப்பு மிகக் குறைவாக இருந்தால், வழக்கமாக 5 சதவீதத்துக்குக் கீழே போனால், ஊகம் என்ற எண்ணத்தைக் கைவிடுகிறோம். இவ்வளவுதான் கருதுகோள் சோதனை. ஆனால் அதே 5 சதவீத எல்லைக்குள் நல்ல சோதனையும் இருக்கும், மோசமான சோதனையும் இருக்கும். ஊகிப்பவரைத் தடுப்பது பாதி வேலைதான். தெரிந்தவரை அநியாயமாகத் தோற்கடிக்காமல் இருப்பது மறுபாதி.

அனுபவத்தை வைத்து எடுப்பது

"இருபது வருஷமா பூண்டு யாவாரம் பண்றார், அவரையே போடலாம்" என்பது முதல் யோசனை. செலவில்லாதது. ஆனால் வியாபாரத்தில் இருந்தவர் சொன்ன தீர்ப்பு சரியா தவறா என்று அவருக்கே பெரும்பாலும் தெரிய வந்திருக்காது. மூட்டை போய்விடும், சமைப்பவர் சாப்பிட்டுவிடுவார். தப்பைத் தப்பு என்று யாரும் சொல்லாத இடத்தில் எத்தனை வருடம் இருந்தாலும் கண் தேறும் என்று சொல்ல முடியாது. தேறியும் இருக்கலாம். அதைத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொன்றாகக் கொடுத்துக் கேட்பது

பத்துப் பூண்டை ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்து "மலைப்பூண்டா, இல்லையா?" என்று கேட்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. பத்தில் எட்டு சரி என்றால் தேர்வு என்று வைப்பார்கள். எட்டு என்பது பெரிய மதிப்பெண்ணாகத்தான் தோன்றும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஆம், இல்லை என்று சொல்பவருக்கும் பத்தில் எட்டோ அதற்கு மேலோ கிடைக்க 5.5 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஒன்பது கேட்டால் அது 1.1 சதவீதமாக இறங்கும். எட்டுக்கும் ஒன்பதுக்கும் இவ்வளவு தூரம் என்பது கணக்குப் போடாமல் தெரியாது.

இந்த வழியில் வேறொரு ஓட்டை இருக்கிறது. கொடுக்கும் பத்தில் ஏழு மலைப்பூண்டாக இருந்துவிட்டால், எல்லாவற்றுக்கும் "மலைப்பூண்டுதான்" என்று சொல்பவர் ஒன்றுமே தெரியாமல் ஏழு வாங்கிவிடுவார். அதனால் ஒவ்வொரு முறையும் எந்தப் பூண்டைக் கொடுப்பது என்பதைக் காசைச் சுண்டித்தான் முடிவு செய்ய வேண்டும். சிலர் இயல்பிலேயே சந்தேகப் பேர்வழிகள், எதைக் கொடுத்தாலும் கலப்பு என்பார்கள். சிலர் எதையும் ஒத்துக்கொள்வார்கள். இந்தச் சாய்வு அவர்களுடைய அறிவோடு கலந்துபோய் மதிப்பெண்ணைக் குழப்பும்.

டி.என்.பி.எஸ்.சி. தேர்வில் "விடை தெரியவில்லை" என்று ஐந்தாவது கட்டம் இருக்கிறதே, அதுபோல் இங்கேயும் ஒன்று வைக்கலாமே என்று ஒருவர் கேட்டார். பின்னால் வேலையில் அமர்ந்த பிறகு அவசியம் வைக்க வேண்டும். "எனக்குச் சரியாகத் தெரியவில்லை, இன்னொருத்தர் பார்க்கட்டும்" என்று சொல்லத் தெரிந்தவர்தான் அந்த வாசலுக்கு ஏற்றவர். ஆனால் ஆள் எடுக்கும் சோதனையில் வேண்டாம். தயக்கம் உள்ள நல்ல ஆள் பின்தங்கிப் போவார், தைரியசாலி ஊகித்தே முன்னேறிவிடுவார்.

மொத்தமாகக் கொடுத்துப் பிரிக்கச் சொல்வது

இதன் கதை தேநீரில் தொடங்குகிறது. 1920-களில் இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் வேலை பார்த்தார். அங்கே பாசி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மியூரியல் பிரிஸ்டல் என்ற பெண், கோப்பையில் பாலை முதலில் ஊற்றினார்களா, டீயை முதலில் ஊற்றினார்களா என்று குடித்தாலே தெரியும் என்றார். ஃபிஷர் 1935-ல் வெளியிட்ட நூலில் இப்படி ஒரு சோதனையை விளக்கினார். எட்டுக் கோப்பை. நான்கில் பால் முதலில், நான்கில் டீ முதலில். வரிசை குலுக்கல் முறையில். நான்கு நான்கு என்பது குடிப்பவருக்கும் தெரியும். எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. முழுவதும் சரியானது ஒன்றே ஒன்று. ஆக, ஊகத்தில் எல்லாம் சரியாக வர 70-ல் ஒரு வாய்ப்பு, அதாவது 1.4 சதவீதம்.

நமக்கும் இது அப்படியே பொருந்தும். நான்கு மலைப்பூண்டு, நான்கு வெளிப்பூண்டு, ஒரே தட்டில் வைத்து "இதில் நான்கு நம்மது, எடுத்துக் கொடுங்கள்" என்று கேட்கலாம். எல்லாவற்றுக்கும் ஆம் சொல்லும் தந்திரம் இங்கே செல்லாது, சந்தேகப் பேர்வழியின் சாய்வும் மறைந்துவிடும். அதோடு ஒன்றை இன்னொன்றோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிவதால் தெரிந்தவருக்குத் தன் திறமையைக் காட்ட முழு வசதி கிடைக்கிறது. சந்தையில் வேலை நடப்பதும் ஏறக்குறைய இப்படித்தான்.

ஆனால் எட்டு போதாது. ஒரு பூண்டைத் தவறாக எடுத்தால் சரியான ஒன்று விடுபட்டுப் போகும். பிழை எப்போதும் ஜோடியாகத்தான் வரும். நான்கில் மூன்று சரியாக எடுத்தவரைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று பார்த்தால், மூன்றோ அதற்கு மேலோ ஊகத்தில் வர 70-ல் 17 வாய்ப்பு, 24 சதவீதம். சேர்க்க முடியாது. அப்படியானால் எட்டு வைத்த சோதனையில் தேற வேண்டுமென்றால் ஒரு தவறுகூடச் செய்யக் கூடாது. நன்றாகத் தெரிந்தவருக்கும் ஒரு பூண்டில் கண் தவறும். இது கொடுமை.

ஆறுக்கு ஆறு என்று பன்னிரண்டாக்கினால் நிலைமை மாறுகிறது. பன்னிரண்டிலிருந்து ஆறை எடுக்க 924 வழிகள். ஆறும் சரி என்பது ஒன்று, ஐந்து சரி என்பது 36. இரண்டும் சேர்ந்தால் 924-ல் 37, சரியாக 4 சதவீதம். ஒரு தடுமாற்றத்தை மன்னித்த பிறகும் ஊகிப்பவர் உள்ளே வர 25-ல் ஒரு வாய்ப்புதான். நான்கு பூண்டு கூடுதலாக வைத்ததற்கு இது நல்ல லாபம்.

மூன்று மூன்றாகக் கொடுப்பது

உணவுத் துறையில் முக்கோணச் சோதனை என்று ஒன்று உண்டு. மூன்று மாதிரி கொடுப்பார்கள், இரண்டு ஒரே மாதிரி, ஒன்று வேறு. வேறுபட்டது எது என்று சொல்ல வேண்டும். ஊகத்தில் சரியாக வர மூன்றில் ஒரு வாய்ப்பு. பன்னிரண்டு தடவை செய்தால் எட்டு சரியாக வர வேண்டும். ஊகத்தில் எட்டோ மேலோ வர 1.9 சதவீதம். ஏழு போதும் என்றால் 6.6 சதவீதமாகி எல்லையைத் தாண்டிவிடும்.

கணக்கில் குறையில்லை. நம் தேவைக்குத்தான் இது பொருந்தவில்லை. வேறுபட்டது எது என்று சொன்னவருக்கு, அது மலைப்பூண்டா வெளிப்பூண்டா என்று தெரியும் என்று அர்த்தமில்லை. வித்தியாசத்தை உணர்வது வேறு, பெயர் சொல்லி அடையாளம் காண்பது வேறு. அதனால் கேள்வியை மாற்றி "மூன்றில் ஒன்றுதான் மலைப்பூண்டு, எது?" என்று கேட்டால் தேவலை. ஊகத்தின் வாய்ப்பு அதே மூன்றில் ஒன்று. ஆனால் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்து தேடுவதால் உண்மையில் தெரிந்தவர் இதில் அதிகம் சரியாகச் சொல்வார். உணவுச் சுவை ஆய்வாளர்கள் நெடுநாளாகக் கவனித்து வரும் விஷயம் இது.

அப்படியும் பன்னிரண்டு தடவைக்கு 36 பூண்டு வேண்டும். கண்ணால் மட்டும் பார்ப்பதென்றால் சரி. பல்லை உரித்து நசுக்கி முகர்ந்து பார்ப்பதென்றால், நாலைந்துக்கு மேல் மூக்கு மரத்துப் போகும். டீயைக் குடித்துத் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போகலாம், பூண்டில் அந்த வசதி இல்லை. மலைப்பூண்டின் காரம் கையிலும் மூக்கிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த மாதிரியையும் மலைப்பூண்டாகவே காட்டும்.

தெரிந்தவர் பக்கம் நின்று பார்த்தால்

இந்த மூன்றையும் ஒரே தராசில் வைக்க, அரைகுறையாகத் தெரிந்த ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். பாதிப் பூண்டை உறுதியாக அடையாளம் காண்பார், மீதிப் பாதியில் ஊகிப்பார். ஒவ்வொன்றாகப் பன்னிரண்டு கொடுத்தால் பத்து சரியாக வந்தால்தான் தேர்வு என்று வைக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் ஒன்பதுக்கு ஊக வாய்ப்பு 7.3 சதவீதம். இவர் அதில் தேற 39 சதவீத வாய்ப்புதான். மூன்று மூன்றாகப் பன்னிரண்டு தடவை கொடுத்தால் 63 சதவீதம், ஆனால் 36 பூண்டு செலவு. ஆறுக்கு ஆறு பிரிக்கும் சோதனையில் பன்னிரண்டே பூண்டில் 59 சதவீதம். முன்னதில் ஊக எல்லை 2 சதவீதத்துக்குப் பக்கத்தில், பின்னதில் 4 சதவீதம் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அதைக் கழித்துக்கொண்டாலும், மூன்றில் ஒரு பங்குப் பூண்டில் கிட்டத்தட்ட அதே பலன் கிடைக்கிறது. "ஆறுதான் இருக்கிறது" என்ற தகவலைக் கொடுத்ததும், ஒப்பிட்டுப் பார்க்க விட்டதும் செய்த வேலை அது.

நன்றாகத் தெரிந்தவர், பத்தில் எட்டை உறுதியாக அறிபவர், இதில் தேற 97 சதவீத வாய்ப்பு. நாம் தேடும் ஆள் இவர்தான்.

எத்தனை பேர் வருகிறார்கள் என்பதும் கணக்கில் சேரும்

பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். 4 சதவீதம் என்பது ஒருவரைச் சோதிக்கும்போது. இருபது பேர் வந்து, இருபது பேருமே ஊகிப்பவர்கள் என்றால், அவர்களில் ஒருவராவது தேறிவிட 56 சதவீத வாய்ப்பு. யாருக்கும் ஒன்றும் தெரியாத கூட்டத்திலிருந்தே பாதிக்கு மேற்பட்ட தடவை ஒரு "நிபுணர்" கிடைத்துவிடுவார்.

இன்னொரு தவறான புரிதலும் உண்டு. தேறியவர் ஊகித்தவராக இருக்க 4 சதவீத வாய்ப்புதான் என்று நினைப்பது. அப்படி இல்லை. இருபது பேரில் இரண்டு பேருக்கு நன்றாகத் தெரியும், பதினெட்டுப் பேர் ஊகிப்பவர்கள் என்று வையுங்கள். தெரிந்தவர்களில் சராசரியாக 1.94 பேர் தேறுவார்கள், ஊகிப்பவர்களில் 0.72 பேர். தேறியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஒன்றும் தெரியாதவர். 4 சதவீதம் எங்கே, 27 சதவீதம் எங்கே!

இதற்கு மருந்து எல்லையை இறுக்குவது இல்லை, தேறியவர்களுக்கு மட்டும் இன்னொரு நாள் புதிய பூண்டில் அதே சோதனையைத் திரும்ப வைப்பது. ஊகிப்பவர் இரண்டு தடவையும் தேற 1000-ல் 1.6 வாய்ப்பு. நன்றாகத் தெரிந்தவர் இரண்டிலும் தேற 94 சதவீதம். பாதி தெரிந்தவர் 35 சதவீதமாக இறங்கிவிடுவார், வாசலில் நிறுத்த அவர் போதாது என்பதால் அதில் எனக்கு வருத்தமில்லை. மேலே சொன்ன இருபது பேர் கூட்டத்தில், இரண்டு சுற்றையும் தாண்டியவர்களில் ஊகித்தவர் இருக்கும் பங்கு 27 சதவீதத்திலிருந்து 2 சதவீதத்துக்கும் கீழே போகிறது.

பூண்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் தட்டில் வைக்கும் பூண்டு தப்பாக இருந்தால் எல்லாம் வீண். ஆறு மலைப்பூண்டையும் ஒரே தோட்டத்திலிருந்து எடுத்தால், தேறியவருக்கு அந்தத் தோட்டத்துப் பூண்டு தெரியும் என்றுதான் சொல்ல முடியும். பூம்பாறையிலிருந்து இரண்டு, மன்னவனூரிலிருந்து இரண்டு, கவுஞ்சியிலிருந்து இரண்டு என்று கலந்து எடுங்கள். வெளிப்பூண்டும் அப்படியே வேறு வேறு கடைகளிலிருந்து. அளவு ஒன்றுபோல் இருக்கட்டும். பெரியது எல்லாம் ஒரு பக்கம் என்றால் சின்னப் பிள்ளையும் பிரித்துவிடும்.

வேரில் ஒட்டிய மண், தாள் நறுக்கிய விதம், புகையில் வைத்திருந்தால் அதன் வாசம் என்று காட்டிக் கொடுப்பவை நிறைய. இவற்றைத் துடைத்துவிட வேண்டுமா, அப்படியே விட வேண்டுமா என்பது நாம் எதைச் சோதிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஏமாற்ற நினைப்பவர் செம்மண்ணில் புரட்டி, புகை போட்டுக் கொண்டுவர முடியும். ஆகவே எளிதில் போலி செய்யக்கூடிய அடையாளங்களை நீக்கிவிட்டுத்தான் சோதிக்க வேண்டும் என்பது என் கருத்து. தோலின் நிறம், பல்லின் அடுக்கு, நசுக்கினால் வரும் நெடி இவற்றில் பிடிப்பவரே நமக்கு வேண்டும். அதற்காக இரண்டு சுற்றையும் ஒரே மாதிரி நடத்தாமல், முதல் சுற்று பார்வைக்கு, இரண்டாவது சுற்று பார்வையோடு ஆளுக்கு நான்கு பல் வரை நசுக்கிப் பார்க்கும் அனுமதியோடு என்று வைக்கலாம். மூக்கும் தாங்கும்.

எண் ஒட்டுபவர் ஒருவர், சோதனை நடத்துபவர் வேறொருவர். எந்த எண் எது என்ற சீட்டு நடத்துபவருக்கே தெரியக் கூடாது. தெரிந்தால் அவர் முகமே சொல்லிவிடும், அதுவும் ஒரே ஊர்க்காரர்களுக்குள். வரிசையை மனசுக்குத் தோன்றியபடி கலைக்காமல், எண்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுங்கள். ஃபிஷர் குலுக்கலை அவ்வளவு வற்புறுத்தியதற்குக் காரணம் உண்டு: குலுக்கல் இல்லாவிட்டால் 924 வழிகளும் சம வாய்ப்புள்ளவை என்று சொல்ல முடியாது, மேலே போட்ட கணக்கு ஒன்றும் நிற்காது. தேர்வுக்கு எத்தனை சரி வேண்டும் என்பதையும் முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும். சொந்தக்காரர் நான்கு வாங்கியதைப் பார்த்துவிட்டு எல்லையை நான்காக்கினால் அது சோதனையே இல்லை.

ஆக, நண்பர்களுக்கு நான் சொல்வது ஆறுக்கு ஆறு, ஐந்து சரி, இரண்டு சுற்று. ஆளுக்கு அதிகபட்சம் 24 பூண்டு. வந்திருப்பவர் இரண்டு மூன்று பேர்தான், அவர்களும் நன்றாக விஷயம் தெரிந்தவர்கள் என்று ஏற்கெனவே நம்பக் காரணம் இருந்தால் ஒரு சுற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். பூண்டு நிறைய இருக்கிறது, கண்ணால் மட்டும்தான் பார்க்கப் போகிறார்கள் என்றால் "மூன்றில் எது" என்ற முறையைப் பதினெட்டுத் தடவை வைத்துப் பத்து சரி கேட்கலாம். ஊகத்துக்கு 4.3 சதவீதம், பாதி தெரிந்தவருக்கே 89 சதவீதம் என்று அது நன்றாக வேலை செய்கிறது, 54 பூண்டு தாங்கும் என்றால். ஒவ்வொன்றாக ஆம், இல்லை கேட்கும் முறையை மட்டும் விட்டுவிடுங்கள்.

தோற்றவரிடம் "உனக்குத் தெரியாது" என்று சொல்ல இந்தச் சோதனை அனுமதி தராது. தெரியும் என்பதற்கு அன்று போதிய சான்று கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அடுத்த அறுவடைக்கு மறுபடி வரச் சொல்லலாம். ஒருவேளை யாராவது ஆறில் ஒன்றுகூடச் சரியாக எடுக்காமல், ஆறு வெளிப்பூண்டையும் அச்சாக எடுத்து நீட்டினால் அவரை அனுப்பிவிடாதீர்கள். ஊகத்தில் அப்படி நடக்க 924-ல் ஒரு வாய்ப்புதான். அவர் கண் இரண்டையும் துல்லியமாகப் பிரிக்கிறது, எது எது என்ற பெயர்தான் மாறியிருக்கிறது. அதைச் சொல்லிக் கொடுக்க ஒரு நிமிடம் போதும். சொல்லிக் கொடுத்துவிட்டு, வேறு பன்னிரண்டு பூண்டில் முதல் சுற்றிலிருந்து தொடங்குங்கள்.